நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நகர மின்வாரியத்தில் பேச இடம் உண்டா?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு டென்னசியில் ஒரு சிறிய நகரத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுக்கும் நகர எல்லைப் பலகைக்கும் நடுவே ஒரு சோளக்கொல்லையும் ஒரு தேவாலயமும்தான். சொத்து வரி கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்குப் போகிறது. மின்சாரம் மட்டும் நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியத்திடமிருந்து வருகிறது.

போன வாரம் மின்கட்டணச் சீட்டோடு ஓர் அறிவிப்பு வந்தது. மாதாமாதம் கட்டும் நிலைக் கட்டணத்தை 22 டாலரிலிருந்து 27 டாலராக உயர்த்த வாரியம் உத்தேசித்திருக்கிறதாம். எங்களுக்கு ஐந்து டாலர் பெரிதல்ல. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை நினைத்துத்தான் கேட்கிறேன். டிரெய்லர் வீடு. குளிர்காலத்தில்கூட ஓர் அறையை மட்டும் சூடாக வைத்துக்கொண்டு மற்ற அறைக் கதவுகளின் அடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருப்பார். கண் பார்வை மங்கிவிட்டதால் அவருடைய சீட்டை நான்தான் படித்துச் சொல்கிறேன். ஏப்ரல் மாதச் சீட்டு: 310 யூனிட். மொத்தம் 58 டாலர் சொச்சம். அதில் 22 டாலர் ஒரு விளக்கைக்கூடப் போடாமல் இருந்தாலும் கட்ட வேண்டிய பணம். இவ்வளவு சிக்கனமாக இருப்பவருக்கே இந்த உயர்வு அதிகமாக வலிக்கிறது.

நம் ஊரில் மின்வாரியம் என்றால் மாநில அரசு. கட்டணத்தை உயர்த்தினால் யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் இருக்கிறது. அவர்களை மேயர் நியமிக்கிறார் என்கிறார்கள். மேயருக்கு ஓட்டுப் போடும் உரிமை பாட்டிக்கு இல்லை, ஏனென்றால் அவரும் எல்லைக்கு வெளியே. அப்படியானால் இந்த ஐவரும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்? அவர்களுக்கு மேலே யார்? கூட்டத்துக்குப் போனால் பேச விடுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா செங்காந்தள், இதே பள்ளத்தாக்கில் ஒரு நகர மின்நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். வாரியக் கூட்டத்துக்கு மாதாமாதம் தாள்கட்டு தயாரித்துக் கொடுத்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே யார் என்ற கேள்வி. டென்னசியில் இருக்கும் நகர மின்வாரியங்கள் பெரும்பாலும் சொந்தமாக மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் உருவான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடம், அதாவது டிவிஏவிடம், மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். ஏழு மாநிலங்களில் இப்படி 153 உள்ளூர் நிறுவனங்கள் இருக்கின்றன. சில நகரத்துக்குச் சொந்தம், சில கூட்டுறவு. டிவிஏவுக்கு ஒன்பது பேர் கொண்ட வாரியம். குடியரசுத் தலைவர் நியமித்து செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். மற்ற பல மாநிலங்களில் தனியார் மின்நிறுவனத்தின் கட்டணத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கும். டென்னசியில் உங்கள் நகர வாரியத்தின் விலை மாநில ஆணையத்தின் கைக்குப் போவதில்லை. உங்கள் வாரியம் தீர்மானிக்கும், டிவிஏ பார்த்து ஒப்புக்கொள்ளும். ஆக உங்களுக்கு மேலே இரண்டு வாரியங்கள். ஒன்றை உள்ளூர் மேயர் அமர்த்துகிறார், இன்னொன்றை வாஷிங்டன் அமர்த்துகிறது.

இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம். சீட்டில் இருக்கும் உயர்வு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் கூட்டத்துக்குப் போனால், "அது டிவிஏ ஏற்றியது, எங்கள் கையில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டிவிஏ தன் அடிப்படை விலையை 2023 அக்டோபரில் 4.5 சதவீதமும், 2024 அக்டோபரில் 5.25 சதவீதமும் உயர்த்தியது. உள்ளூர் நிறுவனம் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு மின்சாரம் வாங்குவதற்கே போகிறது என்பதால், அதை வாரியம் தாங்கிக்கொள்ள வழியில்லை. அப்படியே உங்களிடம் வரும். ஆனால் நிலைக் கட்டணத்தை எவ்வளவு வைப்பது, யூனிட் விலையில் எவ்வளவு வைப்பது என்ற பங்கீட்டில் உள்ளூர் வாரியத்துக்குக் கை உண்டு. நீங்கள் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், மரக்கிளை வெட்டும் ஆட்கள், புயலன்று இரவு லாரியில் போகும் லைன்மேன் எல்லாம் பாட்டி 300 யூனிட் எரித்தாலும் 3,000 யூனிட் எரித்தாலும் ஒரே செலவுதான். 2018இல் டிவிஏவே தன் மொத்த விலையில் யூனிட்டுக்கு அரை சென்ட் குறைத்து, அந்தப் பணத்தை மின்தொடர் அணுகல் கட்டணம் என்ற நிலையான தொகையாக மாற்றியது. அதற்குப் பிறகு உள்ளூர் வாரியங்களுக்கும் அந்தப் பாதையில் போவது எளிதாகிவிட்டது. நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் பாரம் குறைவாக எரிப்பவரின் தலையில் விழுகிறது. இதை வாரியத்தில் ஒருவர் வாய்திறந்து சொல்லி நான் கேட்டது மிகச் சில தடவைகளே.

ஐவர் எப்படி வருகிறார்கள்? 1935இல் டென்னசி சட்டமன்றம் நகராட்சிகளின் மின்நிலையங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. பல ஊர்களில் வாரியத்துக்கு அதுதான் அடித்தளம். மேயர் பெயரைச் சொல்வார், நகர மன்றம் ஒப்புதல் தரும். எல்லோருடைய பதவிக்காலமும் ஒரே நாளில் முடியாதபடி அடுக்கி வைத்திருப்பார்கள். புது மேயர் வந்த மறுநாளே வாரியத்தைத் துடைத்துவிட்டுத் தன் ஆட்களை உட்கார வைக்க முடியாது. மின்கம்பத்துக்காக வாங்கும் கடன் இருபது முப்பது ஆண்டு ஓடுகிறது, மேயர் நான்கு ஆண்டில் போய்விடுகிறார். அதனால்தான் இந்த ஏற்பாடு. எங்கள் வாரியத்தில் இருந்தவர்கள் ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர், வங்கி மேலாளர், இப்படித்தான். யாரும் மின்பொறியாளர் இல்லை. தாள்கட்டை வீட்டிலேயே படித்துவிட்டு வந்து கேள்வி கேட்ட ஒரே ஒருவர் அந்தப் பள்ளி முதல்வர். அவர் வரும் மாதம் என் கணக்கை நான் மூன்று முறை சரிபார்ப்பேன்.

இப்போது நீங்கள் கேட்ட நேர்க் கேள்விக்கு வருகிறேன். எல்லைக்கு வெளியே இருக்கும் உங்களுக்கு மேயர் தேர்தலில் ஓட்டு இல்லை. அதை மாற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் டிவிஏ ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாரபட்சம் காட்டக் கூடாது. எல்லைக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று மின்சாரத்துக்கு வைக்க முடியாது. உங்கள் நகரத்தின் குடிநீர்ச் சீட்டை வாங்கிப் பாருங்கள், பல ஊர்களில் வெளியே இருப்பவருக்கு விலை கூடுதலாக இருக்கும். மின்சாரத்தில் அப்படி இல்லை. ஓட்டுள்ளவர் கட்டும் அதே விலையைத்தான் பாட்டியும் கட்டுகிறார். அவருக்கு இருக்கும் பாதுகாப்பு அதுதான்.

இன்னொன்று. மின்சாரத்தில் வரும் பணத்தை நகரம் தன் சாலைக்கோ பூங்காவுக்கோ எடுத்துக்கொள்ளவும் அந்த ஒப்பந்தம் இடம் தராது. வரிக்கு ஈடான தொகை ஒன்று போகும், அதற்கு விதி இருக்கிறது. மற்ற மாநிலங்களில் இது வேறு கதை. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்துக்குச் சொந்தமான சிபிஎஸ் எனர்ஜி தன் மொத்த வருவாயில் 14 சதவீதம் வரை நகரத்துக்குத் தருகிறது. அங்கே கட்டண உயர்வை வாரியம் முடிவு செய்தாலும் நகர மன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

கூட்டத்தில் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம். வாரியக் கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும் என்பது டென்னசியில் 1974 முதல் சட்டம். நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருளைப் பற்றிப் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வாரியச் செயலரிடம் தாள்கட்டைக் கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொல்வார்கள், காட்டுங்கள். உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசில்லை, நகல் எடுத்தால்தான் காசு. அதில் கட்டண ஆய்வு என்று ஒரு பகுதி இருக்கும். குறைவாக எரிக்கும் வீடு, நடுத்தர வீடு, அதிகம் எரிக்கும் வீடு என்று மூன்று வரிசை போட்டு உயர்வு எத்தனை சதவீதம் என்று காட்டியிருப்பார்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

ஆற்றுப்படுகை எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். கலிஃபோர்னியாவில் எங்கள் சாக்ரமென்டோ ஏற்பாட்டை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் செங்காந்தள் கேட்ட ஓட்டுப் பிரச்சினையே இங்கு இல்லை.

எங்கள் மின்நிறுவனம் நகரத்துக்குச் சொந்தமில்லை, மின்சாரத்துக்கென்றே அமைந்த, மக்களுக்குச் சொந்தமான தனி மாவட்டம். சேவைப் பகுதியை ஏழு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒருவரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். நகர எல்லைக்குள்ளா வெளியிலா என்ற பேச்சே எழாது. இதற்காக மக்கள் 1923இல் ஓட்டுப் போட்டார்கள். அப்போதிருந்த தனியார் நிறுவனத்திடமிருந்து கம்பிகளைக் கைப்பற்றி முதல் மின்சாரம் கொடுக்க 1946 டிசம்பர் கடைசி நாள் வரை ஆனது. இருபத்துமூன்று ஆண்டு வழக்கு!

1989 ஜூனில் எங்கள் அணுமின் நிலையமான ரான்சோ செகோவை மூடுவதா வேண்டாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. மூட வேண்டும் என்று 53 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மறுநாளே நிறுத்தினார்கள். நெப்ராஸ்காவில் மாநிலம் முழுக்கவே மின்சாரம் பொதுவுடைமை, ஓமாஹாவில் எட்டு இயக்குநர்களையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நியமனத்தைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வாக்குச்சீட்டின் கடைசியில் இருக்கும் இந்தப் பெயர்களைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். போன தேர்தலில் நம் தமிழ் நண்பர்கள் பத்துப் பேரிடம் எங்கள் வட்டத்து வேட்பாளர் யார் என்று கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

பெக்கன்மரம் எழுதியது:

ஆஸ்டினிலிருந்து. இங்கே தனி வாரியமே கிடையாது, நகர மன்றம்தான் ஆஸ்டின் எனர்ஜியின் வாரியம். ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, முடிவு மன்றத்துடையது. 2012இல், 1994க்குப் பிறகு முதன்முறையாக அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தினார்கள். நகரத்துக்கு வெளியே இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து கையெழுத்து வாங்கி மாநில ஆணையத்திடம் மேல்முறையீடு செய்தார்கள். டெக்சாஸ் சட்டம் வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு மன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. 2013இல் சமரசம் ஆகி அவர்களுக்கு விலை குறைந்தது. அதே ஆண்டு தனி வாரியம் அமைக்கலாம் என்ற பேச்சு பெரிதாக எழுந்து, பிறகு அப்படியே கைவிடப்பட்டது. டென்னசியில் இப்படியொரு மேல்முறையீட்டு வழி உண்டா ஐயா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே போன்ற வழி இல்லை. டிவிஏவிடம் புகார் கொடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டிவிஏ வாரியம் கூடும்போது முந்தைய நாள் பொதுமக்கள் பேசும் அமர்வும் நடக்கும். ஆனால் முதலில் உள்ளூர் வாரியத்தில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனால்தான் அங்கே எடுபடும்.

சந்தைவிலை எழுதியது:

இதையெல்லாம் படித்தால் ஒரே தீர்வுதான் தோன்றுகிறது. அரசியல்வாதி நியமித்த மருந்துக்கடைக்காரர் ஏன் மின்சார விலையைத் தீர்மானிக்க வேண்டும்? நிறுவனத்தை நல்ல விலைக்குத் தனியாருக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் நகரம் தன் கடனை அடைக்கலாமே.

ஓக்மரநிழல் எழுதியது:

சந்தைவிலை அவர்களே, ஃபுளோரிடாவில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

முதலாவது ஜாக்சன்வில். நகரத்துக்குச் சொந்தமான ஜேஇஏ, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றும் பார்ப்பது. நியமிக்கப்பட்ட ஏழு பேர் வாரியம். 2019 ஜூலையில் அந்த வாரியம் நிறுவனத்தை விற்பது பற்றி ஆராயலாம் என்று முடிவெடுத்தது. அதே கூட்டத்தில் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றையும் வாரியம் நிறைவேற்றியது. தாளில் பார்த்தால் சாதாரணத் திட்டம். ஆனால் நிறுவனம் விற்கப்பட்டால் அது பல நூறு மில்லியன் டாலராக வீங்கும், அதில் பெரும்பங்கு மேல்மட்ட அதிகாரிகளுக்குப் போகலாம் என்று கண்டுபிடித்தது யார் தெரியுமா? நகர மன்றத்தின் தணிக்கை அலுவலகம். சூத்திரத்தை எடுத்து எண்களைப் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வாரியத்தில் இருந்த ஏழு பேரும் கையுயர்த்துவதற்கு முன் செய்திருக்க வேண்டிய கணக்கு அது. விற்பனை அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரத்தானது. அப்போதைய தலைமை நிர்வாகி 2024இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சதி, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். நான்கு ஆண்டு சிறை. அவருடன் குற்றம்சாட்டப்பட்ட நிதி அதிகாரி விடுவிக்கப்பட்டார். விற்றால் தீர்ந்தது என்று எளிதாகச் சொல்கிறோம். விற்கும் வேளையில்தான் மேசையின் அடியில் கை நீளுகிறது.

இரண்டாவது கெய்ன்ஸ்வில். இதுதான் செங்காந்தளின் கேள்விக்கு நேராக வருவது. நான் அங்கே சில ஆண்டு படித்தேன், நண்பர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த நகர மின்நிறுவனத்தின் நுகர்வோரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நகர எல்லைக்கு வெளியே. அப்போது மக்கள் தேர்ந்தெடுத்த நகர ஆணையம்தான் வாரியம். 2009இல் மரத்துண்டுகளை எரித்து மின்சாரம் எடுக்கும் 100 மெகாவாட் நிலையத்திலிருந்து முப்பது ஆண்டுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டார்கள். இயற்கை எரிவாயு விலை விழுந்தது. ஒப்பந்தம் கழுத்தை நெரித்தது. கடைசியில் 2017இல் அந்த நிலையத்தையே 750 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். கடனைத் தலையில் சுமந்த நுகர்வோரில் ஓட்டுள்ளவர் கோபத்தைத் தேர்தலில் காட்டினார். ஓட்டில்லாதவர் எங்கே போவார்? மாநிலத் தலைநகருக்குப் போனார். 2023இல் ஃபுளோரிடா சட்டமன்றம் நிறுவனத்தின் நிர்வாகத்தை நகரத்திடமிருந்து எடுத்து, ஆளுநர் நியமிக்கும் ஐந்து பேர் ஆணையத்திடம் கொடுத்துவிட்டது. அந்த ஆணையமோ நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை வெட்டியது. 2024 நவம்பரில் நகர மக்கள் கட்டுப்பாட்டைத் திரும்பக் கேட்டு வாக்களித்தார்கள், பத்தில் ஏழு பேருக்கு மேல். அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது.

வெளியே இருப்பவர்களின் குரலுக்கு அந்த நகரம் ஆரம்பத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நான் நம்புகிறேன். செங்காந்தள், நீங்கள் கூட்டத்துக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள்.

சந்தைவிலை எழுதியது:

ஜாக்சன்வில் விவரம் எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் கெய்ன்ஸ்வில் கதை என் பக்கம்தான் நிற்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் அந்த ஒப்பந்தத்தைப் போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்கள் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் தவறினார்கள், நியமிக்கப்பட்டவர்களும் தவறினார்கள். என் அனுபவத்தில் ஒரு வாரியம் தவறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். "ஒருமித்த ஒப்புதல் பட்டியல்" என்று ஒன்று இருக்கும். வழக்கமான பத்துப் பதினைந்து விஷயங்களைக் கட்டாகச் சேர்த்து ஒரே வாக்கில் நிறைவேற்றுவது. கம்பம் வாங்குவது, லாரி டயர் வாங்குவது எல்லாம் அதில் வரும், வரலாம். அதன் நடுவே ஒரு பெரிய விஷயம் நுழைந்தால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை பல ஆண்டுக்கு நீளும் ஒரு மென்பொருள் ஒப்பந்தம் அப்படி நுழைந்ததை நானே பார்த்தேன். நான் சொன்ன பள்ளி முதல்வர், "எட்டாவது பொருளைத் தனியாக எடுங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூட்டம் நாற்பது நிமிடம் நீண்டது, ஒப்பந்தம் திரும்பிப் போனது.

டென்னசியிலேயே இருக்கும் சட்டநூகா நகரத்தைப் பாருங்கள். அதுவும் மேயர் நியமிக்கும் ஐவர் வாரியம்தான், 1935இல் தொடங்கியது, அதுவும் டிவிஏவிடம்தான் வாங்குகிறது. 2010இல் நகரம் முழுக்க நொடிக்கு ஒரு கிகாபிட் இணையம் கொடுத்து நாட்டுக்கே முன்னோடியானார்கள். அதே கண்ணாடி இழையைக் கொண்டு, மரம் விழுந்து கம்பி அறுந்தால் அந்தப் பகுதியை மட்டும் தானாகத் துண்டித்து மற்ற வீடுகளுக்கு மின்சாரம் திருப்பிவிடும் சுவிட்சுகளையும் வைத்தார்கள். கூட்டாட்சி அரசு 111 மில்லியன் டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது, மீதிக்குக் கடன்பத்திரம். பக்கத்து ஊர்களுக்கும் இணையம் கொடுக்கலாமா என்று கேட்டபோது மாநிலச் சட்டம் தடுத்தது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தது. உள்ளூர் வாரியத்தால் எவ்வளவு முடியும், எங்கே அதன் கை கட்டப்படும் என்பதற்கு அந்த ஊர் நல்ல உதாரணம்.

செங்காந்தள், கூட்டத்துக்குப் போனீர்களா?

செங்காந்தள் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போனேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

ஐயா சொன்னபடி நான்கு நாள் முன்பு தாள்கட்டைப் பார்த்தேன். செயலர் அம்மையார் ஒரு மேசையைக் காட்டி உட்காரச் சொன்னார். 84 பக்கம். 71ஆம் பக்கத்தில் அந்த மூன்று வரிசை இருந்தது. அதிகம் எரிக்கும் வீட்டுக்கு உயர்வு 2 சதவீதத்துக்குள். குறைவாக எரிக்கும் வீட்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல். அறிவிப்பில் "சராசரி வீட்டுக்கு 3 சதவீதம்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிக்கொண்டேன்.

கூட்டம் மாலை ஐந்தரைக்கு. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். என்னையும் பாட்டியையும் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர். பேச வேண்டும் என்று முன்பே ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். மேசையில் சிறிய விளக்குப் பெட்டி ஒன்று, பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முப்பது நொடி, சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். மூன்று நிமிடம். மைக் எனக்கு உயரமாக இருந்தது. வாரியத் தலைவர் எழுந்து வந்து தாழ்த்திவிட்டுப் போனார்.

நான் டிவிஏ விலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 71ஆம் பக்கத்தைப் படித்தேன். பாட்டியின் ஏப்ரல் சீட்டைப் படித்தேன், 58 டாலரில் 22 டாலர். இந்த அறையில் இருக்கும் யாருக்கும் நாங்கள் ஓட்டுப் போட முடியாது, அதனால்தான் நேரில் வந்திருக்கிறோம் என்றேன். மஞ்சள் விளக்கு வந்ததும் பயத்தில் கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். கெய்ன்ஸ்வில் பற்றி எழுதி வைத்திருந்தது அதில்தான் இருந்தது. ஓக்மரநிழல் மன்னிக்க வேண்டும்.

ஒரு உறுப்பினர், இரும்புக்கடை வைத்திருப்பவராம், மேலாளரைப் பார்த்து, "71ஆம் பக்கத்தை எல்லோரும் திறவுங்கள்" என்றார். ஐந்து பேரும் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் தாள்கட்டின் உறையை அப்போதுதான் பிரித்தார்கள் என்பதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. பிறகு அவர், "ஒரே தவணையாக ஐந்து டாலர் ஏன்? ஆண்டுக்கு இரண்டரையாக வைத்தால் என்ன குறையும்?" என்று கேட்டார். மேலாளரிடம் பதில் தயாராக இல்லை. கணக்கிட்டு வரச் சொல்லி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மூன்றுக்கு இரண்டு வாக்கு.

இன்று காலை நடவடிக்கைக் குறிப்பின் வரைவை வலைத்தளத்தில் போட்டிருந்தார்கள். பாட்டி பெயர் சரியாக இருந்தது. என் பெயரை இரண்டு எழுத்து மாற்றி எழுதியிருந்தார்கள், நான் என்ன பேசினேன் என்பதற்கு "கட்டணம் குறித்துக் கருத்துத் தெரிவித்தார்" என்று ஒரு வரி. செயலருக்கு எழுதினேன். பெயரைத் திருத்தி, 71ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டுப் பேசினேன் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் ஏற்பார்களாம், திருத்தமும் அப்போது வரும் என்று பதில் வந்தது. பாட்டியிடம் சொன்னேன். அன்றைக்குத் தன் மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகள் குடியிருப்பது நகர எல்லைக்கு உள்ளே.